தரை வீடு

பந்தல்காரர்கள் இரும்புக் கால்களைத் தெருவில் ஊன்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: இறந்துபோன குணாளனின் அக்காள் புஷ்பவள்ளி, மனைவி ரூபினி, மகள் தனுஜா, சித்தப்பா மகன் அர்ஜுனன். குணாளன் உள்ளே கூடத்தில், கழுத்தில் ரோஜா மாலையோடு பெட்டிக்குள் இருந்தான்.

குடியிருப்பின் காவலாளி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வேலைக்குப் புதியவன். “தா போலே,” என்று கையை ஆட்டினான். கூடாதாம். தெரு பொது இடமாம், நிர்வாகத்தின் அனுமதி வேண்டுமாம்.

“என் தம்பி வாசல்ல பந்தல் போட யாருகிட்ட அனுமதி கேக்கணும்?” என்றாள் புஷ்பவள்ளி. “இது மாடி பிளாட் இல்ல, அவன் வாங்கின தரை வீடு.”

அர்ஜுனன் தொண்டையைச் செருமினான். “பார்க்கத்தான்க்கா தரை வீடு. பத்திரம் பிளாட்டுக்குக் குடுக்கிற மாதிரி, ஸ்ட்ராத்தா. கேட்டுக்கு உள்ள இருக்கறதுதான் அண்ணனோடது. ரோடு, கால்வா, புல்லு எல்லாம் மொத்தப் பேருக்கும் பொது. அண்ணன்கிட்ட நான் அப்பவே சொன்னேன்லா.”

புஷ்பவள்ளி அவன் பக்கம் திரும்பவில்லை. தான் குடியிருக்கும் பிறை நகரில் தன் அக்கம்பக்கத்தாரிடமெல்லாம், தம்பி பாயான் பாருவில் தரை வீடு வாங்கியிருக்கிறான் என்று தலை நிமிர்ந்து சொல்லி வந்தவள் அவள். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு கார் நிற்கத்தான் இடம் இருந்தது. தெருவில் பந்தல் இல்லையென்றால் பெட்டியை வெளியே வைத்துச் சடங்கு செய்ய வழியில்லை. அப்படியே வண்டியில் ஏற்றிச் சுடுகாட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்தக் குடும்பத்தில் யாரையும் அப்படி அனுப்பியதில்லை, ஒருவரைத் தவிர.

அது புஷ்பவள்ளியின் அப்பா. பதினோராவது மாடியிலிருந்து அவரை இறக்கினார்கள். லிஃப்டுக்குள் பெட்டியைப் படுக்க வைக்க முடியாமல் நிமிர்த்தினார்கள். கீழே கதவு திறந்தபோது மாலை அவர் காலடியில் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து மறுபடி கழுத்தில் சரிசெய்தவன் குணாளன்.

“அவருக்குத் தெரியாம வாங்கல, அண்ணி,” என்றாள் ரூபினி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. “புரோக்கர் ரெண்டு வகையும் காட்டினாரு. தனிப் பத்திரம் உள்ள வீடு எங்க சம்பளத்துக்கு எட்டல. ‘வீட்டோட உருவம் வேற, உரிமை வேறன்னு எனக்கும் தெரியும். எனக்குத் தரையோட ஒரு வாசல் இருந்தாப் போதும். நம்ம வீட்டுல இனி யாரையும் நிமிர்த்தக் கூடாது’ன்னாரு.”

புஷ்பவள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தம்பி இதை அவளிடம் சொன்னதில்லை. அவள் பெருமையில் ஒரு சொல் குறைக்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

மூலை வீட்டிலிருந்து ஷேக் அலாவுதீன், கைலியை இறுக்கிக்கொண்டே வேகமாக நடந்து வந்தார். குடியிருப்பு நிர்வாகக் குழுவின் செயலாளர். காவலாளியிடம் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கினான்.

“மன்னிக்கணும்க்கா, இவன் புதுசு. இங்க மவுத்தான வீட்டுக்கு அனுமதி கேக்கத் தேவையில்ல. அந்தக் கடைசி வரிசையில ஒரு சீனவங்க வீட்டுல இதே மாதிரி பந்தல மறிச்சிட்டாங்க. அடுத்த மீட்டிங்ல குணா அண்ணன் எழுந்து நின்னவரு, எல்லாரும் கை தூக்கற வரைக்கும் உக்காரல. ரூல் போட்ட பெறகுதான் எங்கள கறிபாப் திங்க விட்டாரு.”

தனுஜா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். “அப்பா அப்படித்தான் அங்கிள்.”

அலாவுதீனே குனிந்து பந்தலின் கடைசி இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார். பந்தல் நின்றது.

பிற்பகலில் குணாளனை வெளியே கொண்டுவந்தார்கள். கூடத்திலிருந்து வாசற்படி, வாசற்படியிலிருந்து தெரு. பெட்டி எங்கும் சாயவில்லை. வண்டியில் ஏற்றும்போது புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். மாலை போட்ட இடத்திலேயே இருந்தது.

வண்டி போனபின், பந்தலுக்குள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த உறவுக்காரி ஒருத்தி மெல்ல அருகில் வந்தாள். “வீடு சொந்தம் இல்லையாமேக்கா, வாடகையாம். பேசிக்கிறாங்க.”

புஷ்பவள்ளி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“வாடகை இல்ல. வீடு என் தம்பியோடது. ரோடுதான் பொது.”