ஒன்றரை நீர்க்கோடு

வரலட்சுமி விரதத்துக்காக மினுக்கி அடுக்கிய வெள்ளிச் சாமான்களுக்கு நடுவில் தன்னுடைய 1955ஆம் ஆண்டுக் கனடிய வெள்ளி டொலர் பளபளவென்று கிடந்ததைக் கண்டதும் நிரூபா போட்ட சத்தம், மல்வேர்னின் அந்த டவுன்ஹவுஸ் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

“ஆரைக் கேட்டு உதைத் தொட்டனீங்கள்?”

கணவனின் அக்கா ஜெயமலர் குங்குமக் கையோடு விறைத்து நின்றாள். “கறுத்துப்போய்க் கிடந்துது, நிரூபா. வீபூதி போட்டுத் தேச்சனான். லட்சுமிக்கு முன்னால வைக்கிற காசெல்லே!”

குத்துவிளக்கைத் தேய்க்கலாம், பன்னீர்ச் செம்பைத் தேய்க்கலாம். பழைய காசை மட்டும் தேய்க்கக் கூடாது; தேய்த்தால் சேர்ப்பவர்களிடம் அதன் மதிப்புப் போய்விடும். இதை யாருக்கு விளங்கப்படுத்துவது? கிழமை முழுக்கத் தபால் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூதக்கண்ணாடியும் கையுமாக நான்கு வருஷம் தேடி எடுத்த காசு அது. அதில் இரண்டு பேர் படகு வலிக்கிறார்கள். படகுக்கு வலப்பக்கம் தண்ணீரைக் காட்ட மூன்று கோடு இருக்க வேண்டும். இதில் இருப்பது ஒன்றரை. நாணயசாலையில் அச்சை அளவுக்கு மீறி மினுக்கியதால் மிச்சக் கோடு அச்சிலேயே அழிந்துவிட்டது. காசு சேர்ப்பவர்கள் அந்த அரிய வகையை ஆர்ன்பிரையர் என்பார்கள். நாளைக்குச் சனிக்கிழமை, நாணயச் சங்கத்தில் அதைத் தன் பெயரில் பதிவதாக இருந்தாள். இனி அந்தக் கோட்டை அழித்தது அச்சா, மச்சாளா என்று கேட்பார்களே!

“பத்மநாதன் அண்ணை உது சும்மா தேய்ஞ்ச காசெண்டு சொன்னவராம். தம்பிதான் சொன்னவன். அதான் எடுத்தனான்,” என்று ஜெயமலர் அழுதாள்.

அழுகையைக் கண்டும் நிரூபாவுக்கு மனம் இளகவில்லை. ஆனால் சொன்னது உண்மைதான். சங்கத்தில் இவளை விட்டால் ஒரே தமிழர் பத்மநாதன். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். போன மாதம் காசை வாங்கி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “தேய்ஞ்ச காசு, பிள்ளை. வெள்ளி விலைக்கெண்டால் நான் எடுக்கிறன்,” என்றவர் அவர்தான்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். நிரூபாவுக்கு ஆத்திரம் வந்தால்தான் கண் துலக்கமாகத் தெரியும். பூசை முடிந்த கையோடு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு விளக்கடியில் குந்தினாள். இரண்டு மணி நேரம் அசையவில்லை.

மறுநாள் சங்கம் கூடும் நூலகத்தின் கீழ்த்தளத்தில், சங்கத்தார் எட்டுப் பேருக்கும் முன்னால் பத்மநாதன் காசைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். “கோயில் விளக்கு மாதிரி மினுக்கிப்போட்டியள்! இனி ஆர் நம்புறது?”

நிரூபா அவர் கையிலிருந்த காசைப் பறித்துச் செயலாளர் ஏஞ்சலாவிடம் கொடுத்தாள். மேலோட்டமான கீறல்கள் மச்சாளின் திருநீறு கீறியவை; அவை பள்ளமாக இருக்கும். கோடு இல்லாத இடத்தில் தெரியும் மெல்லிய கீறல்களோ மேடாக எழும்பி நிற்கும். அச்சில் விழுந்த கீறல்தான் காசில் மேடாக வரும். பள்ளத்தையும் மேட்டையும் பிரித்துப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஏஞ்சலா கண்ணாடியை வைத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பதிவுப் புத்தகத்தை விரித்து ஆர்ன்பிரையர் என்று எழுதி, பக்கத்தில் நிரூபாவின் பெயரையும் எழுதினாள். மினுக்கப்பட்டது என்றும் ஒரு குறிப்புப் போட்டாள். அந்த ஒரு சொல்லால் காசின் விலை இறங்கிவிடும்.

பத்மநாதன் அவள் பக்கம் குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: “உது ஆர்ன்பிரையர் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், பிள்ளை. என்னட்டைத் தந்திருந்தால் நான் பவுத்திரமாய் வைச்சிருப்பன். பார், இப்ப பழுதாக்கிப்போட்டியள்.”

இந்த மனுசனின் வாயை நம்பித்தான் வீட்டில் அந்தக் காசு சும்மா காசாகிப் போனது. இவரால்தான் ஒரு நல்ல நாளில் நிரூபா மச்சாளை அழவைத்தாள்.

“மச்சாள் தெரியாமல் தேச்சவ. நீங்கள் தெரிஞ்சு பொய் சொன்னனீங்கள்.”

“சத்தம் போடாதை பிள்ளை. உது எங்கடை ஆக்களுக்குள்ளை...”

நிரூபா எழுந்தாள். அவர் தமிழில் குசுகுசுத்ததை எட்டுப் பேருக்கும் கேட்க, ஒரு சொல் விடாமல், ஆங்கிலத்தில் சொன்னாள்.