ஒன்பதாவது நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நெருங்கினால் ‘விசில்’ என்று பட்டப்பேர் வாங்கியவருக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே பிடிக்காது. பஸ் டிப்போவில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்புவது அவர் வேலை. வாரம் பூராவும் நூறு டிரைவர்களை அதட்டி உருட்டுகிற மனுஷன், தங்கச்சி வீட்டு மூன்றாவது மாடிக்கு ஏறும்போது மட்டும் படிக்காமல் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். பதினாறு வருஷமாக இதே கூத்து. ஒரு வாரமாவது விடுதலை உண்டா என்றால், கிடையாது.

உள்ளே கட்டிலில் தங்கச்சி புருஷன். மல்யுத்த மேடையில் அவருக்கு ‘இடி’ என்று பேர். இப்போது வேலை செய்வது வாயும் வலது கையும்தான். அந்தக் கையில் எந்நேரமும் டிவி ரிமோட் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் போடுவது தன்னுடைய கடைசி ஷோவின் வீடியோவை. பக்கத்தில் மச்சான் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ஷோ! பார்த்தவர்கள் இன்றைக்கும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். யார் ஜெயிப்பது என்பதெல்லாம் முன்னாலேயே பேசி வைத்ததுதான். இடி ஜெயிக்க வேண்டும், ஏணி என்கிற நெட்டையன் தோற்க வேண்டும். அன்றைக்கு நடுவராக நின்றது நம்ம விசில். ஒன்பதாவது நிமிஷம் ஏணி தூக்கிப் போட்டதில் இடி கழுத்து மடங்க விழுந்தார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் கையை நடுவர் ரகசியமாக அழுத்துவார். அவன் திருப்பி அழுத்தினால் நல்லாயிருக்கேன், நடத்து என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் நடுவர் தலைக்கு மேலே கைகளைப் பெருக்கல் குறியாகப் போட்டு ஷோவை நிறுத்திவிட வேண்டும்.

விசில் அழுத்தினார். பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்தினார். ம்ஹூம். கூட்டமோ கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்துகிறது. நடத்துகிற முதலாளி ஓரத்தில் நின்று, முடி, முடி என்று சைகை காட்டுகிறார். கையைத் தூக்க வேண்டிய மனுஷன் தூக்கவில்லை, பாவி! ஏணியைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் கிடந்தவரை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டு தோற்றான். மூன்று எண்ணுவதற்குள் கீழே கிடப்பவன் எழாவிட்டால் மேலே கிடப்பவனுக்கு வெற்றி; விசில் மூன்று எண்ணினார்.

“விழுந்த இடத்துலயே அசைக்காம விட்டிருந்தா நடந்திருப்பாரு” என்றார் டாக்டர். “அண்ணே, அவர் கையை அழுத்தினாரா?” என்று தங்கச்சி கேட்டாள். “அழுத்தினாரும்மா” என்று விசில் வாய் கூசாமல் சொன்னார். வீடியோவில் அவருடைய முதுகு கைகளை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த முதுகுதான் இத்தனை வருஷமாக அவரைக் காப்பாற்றியது.

இன்றைக்குக் கதவைத் திறக்கும்போதே தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அண்ணே, வாங்க வாங்க! அந்த ஷோவை எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு ரசிகர் எடுத்து வச்சிருக்காராம். அனுப்பியிருக்காரு. எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம்!”

விசில் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “டிப்போவுல அவசரம்மா, நான் கிளம்பறேன்.”

“உக்காரு மச்சான்” என்றார் இடி. ரிமோட்டை அமுக்கியாகிவிட்டது.

தங்கச்சி டீ போட உள்ளே போனாள். எட்டு நிமிஷம் விசிலுக்கு எட்டு யுகமாகப் போனது. வெளியே போகிற கதவு நாலே எட்டில் இருக்கிறது. ஒன்பதாவது நிமிஷம் வந்தது. திரையில் அவர் கை, அதற்குள் இடியின் கை. ஒரு அழுத்து, இரண்டு, மூன்று. இடியின் விரல்கள் துவண்டு கிடந்தன.

“நல்லா தெரியுதாங்க?” என்று தங்கச்சி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“நல்லா தெரியுது. அண்ணன் அழுத்தறாரு, நானும் அழுத்தறேன்” என்று சத்தமாகச் சொன்ன இடி, திரையை அணைத்தார்.

விசில் கட்டில் பக்கம் திரும்பினார். “மச்சான்...”

“எனக்கு அன்னிக்கு நினைவு இருந்துச்சுடா. நீ கையைப் புடிச்சதைக் கண்ணால பார்த்தேன். கையில ஒண்ணும் தெரியல. கத்தினேன், சத்தம் வரல. என்னிக்காவது நீயா சொல்லுவேன்னு வாராவாரம் போட்டுப் பார்த்தேன்.”

விசில் உடைந்து அழுதார். “இப்பவே தங்கச்சிகிட்ட சொல்லிடறேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்.”

“சொல்லுவே. அவ உன்னைப் படியேற விடமாட்டா. நீ பாரத்தை இறக்கி வச்சுட்டு நிம்மதியா உன் வீட்டுல கிடப்பே, நான் மட்டும் இங்க கிடக்கணுமா? அதெல்லாம் நடக்காது. நான் எங்கயும் போக முடியாது மச்சான். நீயும் போகாதே.”

தங்கச்சி டீயோடு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கியது. “பாருங்களேன், இன்னிக்குப் பார்த்தாலும் அண்ணனுக்குத் தாங்கல. என்ன ஆச்சுண்ணே?”

அவள் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், இடியின் வலது கை போர்வைக்கு அடியில் விசிலின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தியது.

விசில் திருப்பி அழுத்தினார். “ஒண்ணுமில்லம்மா” என்றார். “நல்லாத்தான் இருக்கேன்.”