புகைபோக்கிக்கு மேல்பக்கத் தகரம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் கேண்டீனில் சமையல் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில், சுற்றிலும் தகரம் அடிக்க வேண்டியிருந்தது. சரிவின் மேல்பக்கத் தகரம் கூரை ஷீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வரும் மழைநீர் தகரத்தின்மேல் இறங்கி ஓடிவிடும். கூரை வேலை பார்க்கும் கண்ணப்பனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கிருத்திகை. ஷீட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போக முடியாது. தகரத்தை ஷீட்டுக்கு மேலேயே வைத்து, எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசிவிட்டு, முருகனைப் பார்க்க ஓடிவிட்டான். பெரிய பக்திமான்! மறுநாள் பாத்திரம் கழுவும் கனகம் அக்காவுக்கு விபூதி வேறு கொண்டுவந்து கொடுத்தான்.

மழை பிடித்தது. உள்ளே புகுந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தால் யாராவது அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அது கூரையின் இரும்புச் சட்டத்தோடு ஓடி, கழுவும் தொட்டிக்குப் பின்னாலிருந்த தூண் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கித் தரையில் பரவியது. சாப்பிட வந்த ஒரு பெண் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

"தண்ணிய கொட்டிக்கினே இருந்தா இப்டித்தான் ஆவும். நாளைலேந்து நீ வராத" என்றார் கேண்டீன் சூப்பர்வைசர் ஸ்ரீதர்.

"நான் இன்னா சார் பண்ணேன்? சத்தியமா நான் கொட்டல சார்." கனகம் அழுதாள். நெற்றியில் கண்ணப்பன் கொடுத்த விபூதி.

பக்கத்தில் நின்ற கண்ணப்பனுக்குத் தூணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் தன் வேலை போய்விடும். அவள் டிபன் கூடையோடு கேட்டைத் தாண்டும்வரை ஊமை போல நின்றான். தன்னை நினைத்தாலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கூரை ஏறி, ஷீட்டைக் கழற்றி, தகரத்தை முறையாக அடியில் செருகினான். பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை. மத்தியானம் மழை கொட்டியது. தரையில் ஈரமே இல்லை.

"பாத்தியா? அந்தம்மாவ அனுப்பினதும் தரை எப்டி காஞ்சி இருக்கு!" என்றார் ஸ்ரீதர்.

கண்ணப்பன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். ஐயோ, அவள்மேல் விழுந்த பழியைத் தன் கையாலேயே உறுதியாக்கிவிட்டானே!

"சார், அக்கா மேல தப்பு இல்ல. கூரைதான் ஒழுவுச்சு. நான்தான் தகரத்த ஒழுங்கா அடிக்கல."

ஸ்ரீதர் சிரித்தார். "அவளுக்குப் பரிஞ்சிக்கினு வரியா? இவ்ளோ மழை பெய்யுது, எங்க ஒழுவுது? காட்டு."

கண்ணப்பன் வெளியே ஓடினான். கொட்டுகிற மழையில் ஏணியைச் சாய்த்து ஏறினான். காலையில் பார்த்துப் பார்த்துச் செருகிய தகரத்தைத் தானே பிடுங்கினான்.

"தூண தொட்டுப் பாருங்க சார்!" மேலிருந்து கத்தினான்.

ஸ்ரீதர் தூணில் கையை வைத்தார். முழங்கைவரை தண்ணீர் வழிந்தது.

"அக்காவுக்கு போன் போடுங்க சார். அவங்க வரேன்னு சொல்றவரிக்கும் நான் இத மூட மாட்டேன்."