உம்மாவின் பத்து நகங்கள்

என் அண்ணன் கௌஸ் மைதீன் கையில் குறடோடு உள்ளே வந்தான். உம்மாவைக் குளிப்பாட்டுகிற பலகையில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தோம். விடியற்காலை பஜ்ரு தொழுகைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள். இப்போது மணி பதினொன்று. துணிக்கு வெளியே கிடந்த இரண்டு கைகளிலும், பத்து விரல்களிலும், செக்கச்செவேலென்று பிளாஸ்டிக் நகங்கள். ஒட்டிவிட்ட பாவி நான்தான்.

பழவேற்காட்டில் செத்துப்போன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் கைருன் மாமி. விரல்களைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாடி சுராயா இது? தண்ணி நகத்துல எப்படிப் படும்? இது கழண்டாத்தான் குளிப்பாட்டு."

எங்கள் வழக்கம் அப்படி. தண்ணீர் படாத இடம் என்று மையித்தின் உடம்பில் நகக்கண் அளவுகூட இருக்கக் கூடாது. சும்மா சாயம் பூசியிருந்தாலே சுரண்டி எடுத்துவிட்டுத்தான் முதல் செம்பு தண்ணீரை ஊற்றுவார்கள்.

அந்த நகங்களை துபாயிலிருந்து அனுப்பியது என் வீட்டுக்காரர் ஜலீல். பெண்டாட்டிக்கு எதை அனுப்புவது என்று தெரியாத மனுஷர். அதற்கு முந்தின தடவை, இந்த வெயிலுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பினார். இந்தத் தடவை ஒரு பெட்டி நகமும் சின்ன டியூபில் கோந்தும். முந்தின நாள் ராத்திரி நான் என் விரல்களில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். உம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இறால் கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் ஐஸில் கையை விட்டு உரித்தவள். அவள் விரல் நுனியில் நகம் என்று சொல்ல உமி அளவுதான் மிச்சம்.

"எனக்கும் வச்சி வுடேன்" என்றாள். "இஷா தொழுதாச்சி. பஜ்ருக்கு முன்னாடி கழட்டிடு, கை கால் கழுவி ஒளு எடுக்கணும்."

வெந்நீரில் நனைத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷும் கிடையாது, பொறுமையும் கிடையாது. பத்தையும் ஒட்டி முடித்ததும் உம்மா கைகளை விளக்குக்கு நேராக நீட்டி, "இப்ப நான் கப்பல்காரர் வூட்டுப் பொம்பளை மாதிரி இல்லே?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை.

காலையிலிருந்து வெந்நீர், சோப்பு, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் அசையவில்லை. அதற்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அறுபது வயசில் மினுக்கிக்கொண்டு செத்தாள் என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. வெளியே ஆண்கள் நடுவில் நின்ற அண்ணனுக்குக் கேட்காமல் இருக்குமா?

"தள்ளு" என்றான், குறடோடு வந்தவன். "ஜமாத்து மொத்தமும் வாசல்ல நிக்குது. ஒரு நிமிஷ வேலை."

"நகத்தோட ஒட்டிக்கினு இருக்குதுண்ணே. இழுத்தா நகமே வந்துடும்."

"செத்தவங்களுக்கு வலிக்குமா?"

என்னை ஒதுக்கிவிட்டு, உம்மாவின் வலது சுண்டுவிரலைப் பிடித்தான். குறடால் கவ்வி ஒரே இழுப்பு. ஈரத் துணி கிழிகிற சத்தம் கேட்டது. சிவப்பு நகம் வந்தது. அதோடு உம்மாவின் நகமும் சதையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. ரத்தம் வரவில்லை. அந்த இடம் உரித்த இறால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரத்தம் வந்திருந்தால்கூட எனக்கு அத்தனை வெறி வந்திருக்காது.

கைருன் மாமி வைத்த பித்தளைச் செம்பு காலடியில் இருந்தது. எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் திரும்பி விட்ட அறையில் என் கீழ் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவன் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தேன். குறடு விழுந்தது. இடுப்பில் ஓர் உதை விழுந்தது. பெண்கள் "அல்லா, அல்லா" என்று கத்தினார்களே தவிர, ஒருத்தியும் கிட்டே வரவில்லை. நான் தவழ்ந்து அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து, பலகைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன்.

"இன்னொரு விரலத் தொடு, பாக்கலாம். இன்னிக்கி இந்த வூட்லேந்து ரெண்டு மையித்து சந்தூக்குல போவும்."

சொன்னதைச் செய்திருப்பேன். அவனுக்கும் அது தெரிந்தது, நின்றுவிட்டான்.

உயிரோடு இருந்தபோதும் அந்தக் கையை அவன் சும்மா விட்டதில்லை. சோறு ஆறிப்போச்சு என்று தட்டை வீசுவான், தடுக்க வந்தால் கையை முறுக்குவான். ஒரு தடவை வலது மணிக்கட்டு வீங்கிப்போய், இருபது நாள் உம்மா இடது கையால் இறால் உரித்தாள். கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

கைருன் மாமி அப்போதுதான் எழுந்தார். "வெளியே போ மைதீனு. மையித்து எலும்ப ஒடிக்கிறதும் உசுரோட இருக்கறவ எலும்ப ஒடிக்கிறதும் ஒண்ணுதான்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

அவன் போனதும் என் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் அசர் தொழுகைக்கு மையித்த எடுக்கணும். அதுக்குள்ள கழட்டிடு. இல்லேன்னா நானே பிளேடு எடுப்பேன். எனக்கு வேற வழியில்லே, புள்ளே."

அரிவாள்மனையைக் கீழே வைத்தேன். ஒன்பது விரல்கள். அவற்றையாவது முழுசாக மண்ணுக்கு அனுப்ப வேண்டும். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பின்வாசலில் நாகம்மாள் நின்றிருந்தாள். பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்துக்காரி. ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, தினம் எங்கள் வீட்டுக்குக் கொடுக்கிறவள். சாவு தெரியாமல் கூடையோடு வந்துவிட்டாள். எட்டி உம்மாவின் கையைப் பார்த்தாள்.

"பாயம்மா, இது எங்க வூட்டுக்காரு கையில ஒட்டற பிசினு மாதிரி இல்லே இருக்குது?"

அவள் புருஷன் ரங்கன் பைபர் படகுப் பட்டறையில் வேலை செய்தான். பைபரில் தடவுகிற பிசின் கையில் பட்டுக் காய்ந்தால் கல்லாகிவிடும்.

"அதுக்கு ஒரு தண்ணி வச்சிக்கிறாங்கோ, அசிட்டோனுன்னு. இரு, இதோ வந்துட்டேன்."

கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. குறுக்கே ஏரிக்கரையில் இறங்கி ஓடியிருக்கிறாள். கையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது.

"மொதல்ல நெருப்ப அணை. ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாத்தையும்தான். ஜன்னலத் தொற. பீடி பத்த வச்சிக்கினே இத்தத் தொட்டு, எங்காளுக்கு ரெண்டு புருவமும் பூடுச்சி."

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, சூடு பண்ணினால் சீக்கிரம் வேலை செய்யுமே என்றாள். நாகம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றப் போன என் கையையும் தட்டிவிட்டாள். கிண்ணமே கரைந்துவிடுமாம். பீங்கான் கிண்ணம் எடுத்தேன்.

முதலில் என் கட்டைவிரலில் பார்த்தேன். பஞ்சை நனைத்து நகத்தின் மேல் வைத்து, வாழையிலைத் துண்டால் சுற்றி நூலால் கட்டினோம். நெடி மூக்கில் ஏறி, கிழிந்த உதட்டில் நெருப்பாய்ப் பற்றியது. சுவரில் மோதியபோது கையில் உரசிய காயத்தில் ஒரு சொட்டு பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துப் பிரித்தோம். சிவப்பு நகம் மெழுகாய் இளகியிருந்தது. நாகம்மாள் வேப்பங்குச்சியால் ஓரத்தில் மெல்லத் தள்ளினாள்.

"இழுக்காதே. அதுவா வரணும். வரலேன்னா இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

வந்தது. அடியில் என் நகம் அப்படியே இருந்தது. கைருன் மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இவளுக்குச் செய்" என்றார்.

உம்மாவின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. விரித்தால் ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வெந்நீரில் பிழிந்த துணியால் உள்ளங்கையைப் பொத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, ஒவ்வொரு விரலாகப் பஞ்சு வைத்துக் கட்டினேன். செத்த உடம்பின் குளிருக்கோ என்னவோ, என் விரலைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

அதற்குள் கதவு அதிர்ந்தது. "இன்னாடி பண்றீங்கோ உள்ளே? தொற!" அண்ணன் குரல். மறுபடி ஓர் உதை. தாழ்ப்பாளின் ஓர் ஆணி தெறித்து விழுந்தது. நாகம்மாள் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு உதைக்கும் அவள் தலை முன்னால் போய் வந்தது.

"உதைச்சிக்கோ மைதீன் பாய்! சேத்துல கெடக்கற நண்டு கடிக்கே அசையாதவ நானு!" என்று கத்தினாள். எனக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. யாரோ ஆண்கள் வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. போகும்போது எங்கள் ஜன்னலில் ஒரு கல் விழுந்தது.

ஒன்று, இரண்டு, நான்கு. இடது கை முடிந்தது. வலது கையில் மோதிர விரல் மட்டும் பிடிவாதம் பிடித்தது. மூன்று தடவை பஞ்சு மாற்றினேன். பள்ளிவாசலில் அசருக்கு பாங்கு சொல்லத் தொடங்கியபோது கைருன் மாமி பிளேடைக் கையில் எடுத்துவிட்டார். நான் குச்சியை நகர்த்தினேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

ஒன்பது விரல்களிலும் உம்மாவின் சொந்த நகங்கள். தேய்ந்தவை, மஞ்சள் பாரித்தவை, ஐஸ் தின்றவை. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. மருந்து நெடி போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மாமி முதல் செம்பை என் கையில் கொடுத்தார். குளிப்பாட்டி முடித்து, பிய்ந்த சுண்டுவிரலில் பஞ்சு சுற்றி, கபன் துணியில் கிடத்தினோம்.

துணியை மூடுவதற்கு முன் முகம் பார்க்க மகனைக் கூப்பிடுவது வழக்கம். அவன் வந்தான். காது புடைத்து நீலம் பாரித்திருந்தது. உம்மாவின் தலைமாட்டில் குனிந்து, "மாப்பு பண்ணிடு உம்மா" என்று விம்மினான். எல்லாப் பெண்களும் அழுதார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக எனக்கு இருந்தது.

"மூஞ்சில கேக்காதே" என்றேன். துணிக்குள்ளிருந்து உம்மாவின் வலது கையை வெளியே எடுத்தேன். "இங்க கேளு."

பஞ்சு சுற்றிய விரலைப் பார்த்தான். தொடவில்லை.

"தொடு. காலையில தொட்டியே."

இரண்டு கைகளாலும் அந்த விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் குழந்தை மாதிரி ஓவென்று கத்தினான். அதில் பொய் இல்லை, நான் பார்த்தேன். கைருன் மாமி அவன் பிடியிலிருந்து கையை மெல்ல வாங்கி உள்ளே வைத்து, துணியை மூடி முடிச்சுப் போட்டார்.

சந்தூக்கின் முன்பக்கத்தை அவன்தான் தோளில் தூக்கினான். உயிரோடு இருந்திருந்தால், அவன் கேட்பதற்கு முன்பே உம்மா மன்னித்திருப்பாள். மணிக்கட்டு வீங்கிய அன்றைக்கும் இடது கையால் அவனுக்குச் சோறு போட்டவள் அவள். அதனால்தான், சந்தூக்கு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று, நான் மன்னிக்க மாட்டேன், நான் மன்னிக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். அவளுக்காக யாராவது ஒருத்தராவது அதைச் சொல்ல வேண்டாமா?