ஜமீனுக்கு விரதம் இல்லை

அடி அண்ணாமலையில் அருணாதேவியின் டிபன் கடை எது என்று பேரைச் சொல்லிக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். "கன்னுக்குட்டி ஒசரத்துக்கு ஒரு நாய் படுத்துகினு இருக்குமே, அந்தக் கடை" என்று கேட்டால் போதும், கிரிவலப் பாதையில் யாரும் கை காட்டிவிடுவார்கள். நாயின் பெயர் ஜமீன். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் மாடியில் குடியிருந்த சென்னைத் தம்பதி வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது, ரெண்டே மாசம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போன கிரேட் டேன் ஜாதி நாய். போனவர்கள் அப்படியே போய்விட்டார்கள். வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டு, தோசைக்கு வருகிறவர்களை எல்லாம் தன்னிடம் மனு கொடுக்க வந்தவர்களைப் போல ஏற இறங்கப் பார்க்கும். அந்தத் தோரணைக்காக அருணாதேவியின் கணவன் முருகவேல் வைத்த பெயர் அது. முருகவேல் வேன் ஓட்டுகிறவன். ஆளும் ஒல்லி, பேச்சும் கம்மி.

அந்த ஜமீனுக்கு ஆடி மாசத்தில் வயிறு கெட்டது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தது ஆவணி வரை நீண்டது. போட்டதை எல்லாம் தின்றான். தின்றதெல்லாம் தண்ணீராய்ப் போனது. விலா எலும்பை வாசலில் நின்றே எண்ணலாம் என்கிற நிலை. இடுப்பு எலும்பு இரண்டும் மேலே முட்டிக்கொண்டு நின்றன. கிரிவலம் வருகிறவர்கள் சும்மா போவார்களா? "ஓட்டல் நடத்துறாங்க, வாசல்ல கெடக்குற ஜீவனுக்கு ஒரு கவளம் போட மனசு வரல பாரு" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். அருணாதேவிக்கு வயிறு எரிந்தது. 'உடம்பு சரியில்லை, எதுவும் கொடுக்காதீர்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். அதைப் படித்தவர்கள் "ஐயோ பாவம், உடம்பு சரியில்லையாம்" என்று கூடுதலாக ஒரு பன் வாங்கிப் போட்டார்கள். அட்டையைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டு, நாயை வீட்டுக்குப் பின்பக்கம் கட்டினாள்.

டவுனில் இருந்த கால்நடை டாக்டர் கீர்த்தனா சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. அவளுடைய எடை மெஷினில் ஜமீனின் முன்னங்கால் இரண்டும்தான் நின்றன. முருகவேல் யோசித்துவிட்டு, மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை மண்டிக்கு வேனை விட்டான். அங்கே மூட்டை நிறுக்கும் கோபி அவனுக்குச் சிநேகிதன். மூட்டை ஏறும் மேடையில் ஜமீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். முப்பத்தொன்பது கிலோ.

"இன்னாண்ணே, ஒரு மூட்டை மல்லாட்டை கூட இவனைவிட ஜாஸ்தி நிக்குமே" என்றான் கோபி. விளையாட்டாகச் சொன்னதுதான். அருணாதேவி மண்டி வாசலுக்கு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரத்தம், மலம் என்று எல்லாப் பரிசோதனையும் நடந்தது. பூச்சி இல்லை, கட்டி இல்லை, கிருமியும் இல்லை.

"அக்கா, இவன் குடலுக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கல" என்றாள் கீர்த்தனா. "பாலா, கோழியா, கோதுமையான்னு தேடிகினு இருந்தா நாளாயிடும். அதனால அவன் இதுவரைக்கும் சாப்பிடாததா ரெண்டே ரெண்டு போடுவோம். முள்ளு எடுத்த மீனு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கூட நான் தர்ற சத்துப் பவுடரு. நாலு வேளையா பிரிச்சுப் போடுங்க. தின்னதும் ஓட விடாதீங்க, பெரிய ஜாதி நாய்க்கு வயிறு முறுக்கிக்கும். வேற ஒண்ணு நாக்குல படக்கூடாது. இந்த ஒசரத்துக்கு அம்பத்தஞ்சாவது இருக்கணும். இன்னும் கீழ எறங்கினா உடம்பு தாங்காது, இப்பவே சொல்லிட்டேன்."

அருணாதேவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சாத்தனூர் அணை மீனை மொபெட்டில் கொண்டுவரும் வேணுவிடம் தினமும் ஜிலேபி கெண்டை வாங்கினாள். வேகவைத்து, விரலால் பிசைந்து பிசைந்து முள் பார்த்தாள். கட்டிய புருஷனுக்குக் கூட அப்படி முள் எடுத்துக் கொடுத்ததில்லை என்று முருகவேல் முணுமுணுத்தான். நான்காம் நாள் ஜமீனின் வயிறு கட்டியது. அருணாதேவி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் மறுபடியும் வயிற்றால் போனது.

அதற்குப் பிறகு இதே கூத்துதான். இரண்டு நாள் தேறுவான், மூன்றாம் நாள் சரிவான். மருந்து மாற்றினாலும் அப்படித்தான். போகும்போதெல்லாம் கீர்த்தனா கேட்பாள்: "மீனும் கிழங்கும் மட்டும்தானே அக்கா?" அருணாதேவி அண்ணாமலையார் மேல் ஆணையிடாத குறையாகச் சொல்வாள்: "வேற ஒண்ணும் கெடயாது டாக்டர்."

டாக்டரால் ஆகாததை மலையால் ஆக்கிக்கொள்ளலாம் என்று அருணாதேவி ஜமீனுக்காகச் சோமவார விரதம் எடுத்தாள். ஏற்கெனவே வெள்ளிக்கிழமை, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அந்த வீட்டில் உண்டு. திங்களும் சேர்ந்தது. ஜமீன் இன்னும் இளைத்தான். கிருத்திகையையும் சேர்த்துக்கொண்டாள். அவன் எழுந்து நிற்கவே யோசிக்க ஆரம்பித்தான்.

"கீழ்பென்னாத்தூர்ல அக்கா வீட்டுக் கொல்லையில கொண்டுபோய் விட்டுடலாம் தேவி" என்றான் முருகவேல் ஒருநாள். "காத்தோட்டமா கெடக்கட்டும்."

"காத்தை தின்னுகினு கெடப்பானா?"

"நம்ம கண்ணு முன்னாடி வேணாம்னு பாக்குறேன்" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நாய் தொல்லை என்பதற்காக அவன் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. சண்டை போட வந்தவள் ஜமீனின் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜமீனை இரண்டு பேருமாகத் தூக்கி வேனில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். உள்ளே நுழைந்ததும் அவன் கீர்த்தனாவின் காலடியில் வாந்தி எடுத்தான். வெள்ளை வெளேரென்று, பருக்கை பருக்கையாக.

கீர்த்தனா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அருணாதேவியைப் பார்த்தாள்.

"இது இன்னாக்கா?"

"தயிர் சோறு டாக்டர்."

"தயிர் சோறா? மீனும் கிழங்கும்னு சொன்னீங்களே?"

"அது தெனமும் போடுறது டாக்டர். நேத்து சோமவாரம் இல்ல? அடுப்புல எப்படி மீனை ஏத்துறது? விரத நாள்ல வீட்டுல எல்லாருக்கும் தயிர் சோறுதான். அவனுக்கும் அதேதான்."

விரதத்தன்று சாப்பிடுவதை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? அருணாதேவி சேர்க்கவில்லை. அவள் பொய்யும் சொல்லவில்லை. கீர்த்தனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எந்தெந்த நாள் விரதம் என்று கேட்க, இவள் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, டாக்டர் முகத்தில் கோபம் ஏறி, அப்புறம் சிரிப்பு வந்து, கடைசியில் இரண்டும் இல்லாமல் போனது.

"அக்கா, வாரத்துல பாதி நாள் இவனுக்குத் தயிர் போயிருக்கு. இவனுக்கு ஒத்துக்காதது பாலும் தயிரும்தான். வேணும்னே தேடினாலும் இவ்வளவு பளிச்சுனு கெடைக்காது. இவனுக்கு எதுக்கு விரதம்?"

"அவனுக்கோசரம்தான் டாக்டர் நானே எடுத்தேன்" என்றாள் அருணாதேவி. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. அவன் பிழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு விரதமாகக் கூட்டிக்கொண்டே போனவள், ஒவ்வொரு தயிர்க் கிண்ணமாக அவனைக் கரைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். டாக்டர் அறை என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். ஜமீன் எழுந்து தள்ளாடி வந்து, அவ்வளவு பெரிய தலையை அவள் மடியில் வைத்தான். அது அழுகையை நிறுத்தவில்லை, கூட்டியது.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள். பின்கட்டில் நின்று மலையைப் பார்த்து நேராகவே பேசினாள். "விரதம் நான் வேண்டிகிட்டது, நான் இருக்கேன். ஒண்ணும் கொறைக்க மாட்டேன். அவனுக்கு மீனு மருந்து. அதுல நீ கணக்கு வெச்சுக்காத." மலை ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவளே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் கொட்டகையில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் சாம்பார் கொதித்தது, கொட்டகையில் மீன் வெந்தது. ஊரே கறி மீனை விட்ட புரட்டாசியிலும் வெந்தது. வயிறு கட்டியது, கட்டியபடியே நின்றது. ஐப்பசி மழையில் ஜமீன், உடம்பு கெட்ட பிறகு முதல் தடவையாகக் குரைத்தான். கடையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அருணாதேவி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கார்த்திகை பிறந்து தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. பத்து நாளும் அந்தப் பக்கம் யாரும் மீனைத் தொட மாட்டார்கள். வேணுவும் மொபெட்டை நிறுத்திவிட்டான். ஜமீனை விட்டுவிடலாம் என்று சொன்ன அதே முருகவேல், தினமும் விடியலில் சாத்தனூர் வரை வேனை ஓட்டிப்போய் மீன் கொண்டுவந்தான்.

வில்லங்கம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. முருகவேலின் அக்கா சரோஜா, திருவிழாவுக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பையோடு வந்து இறங்கினாள். வந்த காலோடு மூக்கைப் பொத்தினாள்.

"ஐயே! சாமிக்குக் கொடி ஏறியிருக்கு, இந்த வீட்ல கவுச்சி வேவுதா? நல்லாருக்கும்மா தேவி நீ குடும்பம் நடத்துறது!"

"விரதம் எனக்கு அண்ணி. அவனுக்கு இது மருந்து."

"நாய்க்கு எதுக்குடி இவ்வளவு? சூடா ரெண்டு கவளம் நெய்ப் பொங்கல் போடு, புஷ்டியா வருவான்."

சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை, அருணாதேவி கடையில் இருந்த நேரத்தில், சரோஜா ஒரு கிண்ணம் பொங்கலில் நெய்யும் பாலும் ஊற்றி, பாவம் பிள்ளை என்று தடவிக் கொடுத்து ஊட்டினாள். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. வெளியே போக வேண்டும் என்று கதவைப் பிறாண்டிய ஜமீனால் அதுவரை தாங்க முடியவில்லை. சரோஜா படுத்திருந்த அறை வாசலிலேயே ஆகிவிட்டது. தப்பு செய்துவிட்டவனைப் போல மூலையில் ஒடுங்கி நடுங்கினான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி நடுங்குவதை சரோஜா பார்த்ததில்லை.

"நான்தான் போட்டேன் தேவி" என்றாள், அருணாதேவி ஓடி வந்ததும். "பாலு கூட ஊத்தினேன்."

அருணாதேவி வாயை அடக்கவில்லை. "பாசமாத்தான் போட்டீங்க அண்ணி. நானும் பாசமாத்தான் போட்டேன், மாசக்கணக்கா. அதுலதான் இவன் எலும்பா போனான்." சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள். சரோஜா அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கித் தானே கழுவினாள்.

அதன் பிறகு சரோஜாவைப் பார்க்க வேண்டுமே! மூன்று நாளில் ஜமீன் தெளிந்து எழுந்து வாசலுக்கு வந்ததும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிஸ்கட்டோடு குனிந்தவர்களை எல்லாம் ஒரே அதட்டலில் நிமிர்த்தினாள். "சாமி, புண்ணியத்தை வேற எங்கனா தேடுங்க. இவனுக்கு ஆகாது." அட்டை செய்யாத வேலையை அண்ணி செய்தாள்.

தீபத்தன்று பாதையில் கால் வைக்க இடமில்லை. அருணாதேவி அடுப்பை விட்டு நகர முடியவில்லை. ஜமீனின் மத்தியான வேளை தாண்டிப் போனது நினைவுக்கு வந்து, அடித்துப்பிடித்துக் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே சரோஜா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சரோஜா, கையில் பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வெந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!"

"இன்னா அண்ணி? தலைக்குத் தண்ணி ஊத்திகினா தீர்ந்துபோவுது. நீ போய் யாவாரத்தைப் பாரு. இந்தக் கெண்டையில முள்ளு எம்மாம் கெடக்குது பாத்தியா?"

அருணாதேவி சிரித்துக்கொண்டே கடைக்குத் திரும்பினாள். சாயங்காலம் மலை உச்சியில் தீபம் எரிந்தது. பாதை முழுக்க அரோகரா என்று ஒரே குரலாக எழுந்தபோது, ஜமீன் காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றான். பின்னங்கால் தள்ளாடவே இல்லை. தீபத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டில் எல்லாரும் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். ஜமீன் மட்டும் அதற்குள் மூன்று வேளை சாப்பிட்டிருந்தான்.

மார்கழியில் கீர்த்தனா எடை பார்த்துவரச் சொன்னாள். மறுபடியும் அதே மண்டி, அதே மேடை. இந்தத் தடவை ஜமீனை யாரும் தூக்கவில்லை. வேனிலிருந்து குதித்து, குறுக்கே கிடந்த மல்லாட்டை மூட்டையைத் தாண்டி, தானே ஏறி நின்றான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அருணாதேவி எண்ணைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்பத்தெட்டு!" என்று கத்தினான் கோபி. "அண்ணே, நீ ஏறு. நீ ஏறு பாக்கலாம்!"

ஜமீனை இறக்கிவிட்டு முருகவேலைப் பிடித்து மேடையில் தள்ளினார்கள். ஐம்பத்தேழு. மண்டியே விசில் அடித்தது. பேச்சு கம்மியான முருகவேல் மேடையிலேயே நின்றுகொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து சரோஜா.

"எவ்ளோம்மா? எவ்ளோ நின்னான்? சொல்லித் தொலையேன்!"

ஜமீன் குரைத்த குரைப்பில் மண்டிக் கூரை அதிர்ந்தது. அருணாதேவி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி போனில் கத்தினாள்:

"உங்க தம்பியை விட ஜாஸ்தி அண்ணி!"