தளபதியை ஊரைவிட்டு அனுப்பப் பட்ட பாடு

என் வீட்டுக்காரர் முப்பத்து நான்கு வருடம் ராணுவத்தில் இருந்தவர். கடைசியில் ஒரு படைக்கே தளபதி. ஓய்வு பெற்று வந்த மறுநாள், அவர் கட்டளையிட மிச்சமிருக்கும் ஒரே ஆள் நான்தான் என்று தெரிந்துபோயிற்று. காலை ஆறு மணிக்குச் சமையலறையில் ஆய்வு. டப்பாக்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்தினார். உப்பும் சர்க்கரையும் ஒரே உயரம். அன்றைய தேநீரைப் பற்றிக் கேட்காதீர்கள். வெங்காயம் வதங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் என் தம்பி வந்து, தன் கட்சி என் வீட்டுக்காரரைத் தேர்தலில் நிறுத்த நினைக்கிறது என்றதும், அவர் வாய் திறக்குமுன் நானே சம்மதம் சொன்னேன். ஜெயித்தால் அவர் ஐந்து வருடம் தலைநகரில். தோற்றால் ஐந்து வருடம் என் அடுப்படியில். அந்தத் தொகுதியில் என்னைவிட அக்கறையான வாக்காளர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஆனால் மனிதர் பிரசாரத்தைப் போர் என்றே எடுத்துக்கொண்டார். எந்தத் தெருவில் எப்போது பேசப்போகிறார் என்பது பரம ரகசியம். நோட்டீஸ் அடிக்கலாம் என்று தம்பி கெஞ்சினான்.

“நேரத்தையும் இடத்தையும் அச்சடிச்சு எதிரி கையில குடுக்கச் சொல்றியா?” என்று கேட்டார்.

முதல் தாக்குதல் பழக்கடைத் தெருவில், விடிகாலை ஐந்தரைக்கு. ஒரு கடையும் திறக்கவில்லை. ஒரு பால்காரரும் இரண்டு நாய்களும் இருந்தார்கள். நாற்பது நிமிடம் முழங்கினார். பால்காரர் முழுவதும் நின்று கேட்டார். முடிந்ததும், வழியை மறித்து நின்ற பிரசார வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் தான் போய்விடுவதாகப் பணிவாகச் சொன்னாராம். எதிரி அசந்துபோய்விட்டான் என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டார். தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் உட்காரவில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்தத் தெரு என்று குறித்த அவருடைய வரைபடம் எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. தம்பி கிட்டே வந்தால்கூடத் துணி போட்டு மூடுவார். ஆனால் மேஜையைத் துடைக்கிறவள் நான். துடைக்கிறவளுக்குக் கண் உண்டு என்று எந்த ராணுவமும் சொல்லிக்கொடுப்பதில்லை போலும். நாளைக்கு எங்கே என்று பார்த்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுத் தையல்காரியிடம் போவேன். அவளுக்குத் தெருவில் ‘வானொலி’ என்று பெயர். யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

ரகசியம் என்றதால் கூட்டம் இரண்டு மடங்கு வந்தது. அப்படிக் கூட்டம் சேர்ந்த முதல் நாள், முந்நூறு பேர் காத்திருப்பதைக் கண்டதும், பதுங்கித் தாக்க வந்திருக்கிறார்கள் என்று வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னாராம். தம்பிதான் அவரை இறக்கித் தள்ளிவிட்டான். அதன்பிறகு தினமும் கூட்டம் கூடக் கூட, அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. நம் பாசறையில் துரோகி இருக்கிறான் என்று டிரைவரை மாற்றினார். பாவம், பால்காரரைக்கூட நிறுத்திவைத்து விசாரித்தார்.

ஜெயித்தேவிட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை நானே பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தேன். திங்கட்கிழமை பதவியேற்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, துரோகியைக் கண்டுபிடிக்காமல் ஊரைவிட்டு நகரமாட்டேன் என்று நாற்காலியைச் சமையலறை வாசலிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வேறு வழி?

“தேடவேண்டாங்க. நான்தான்.”

எப்படி என்று கேட்டார், மேஜை துடைக்கும் துணியைக் காட்டினேன். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“எனக்கே தெரியாம என்னை ஜெயிக்க வச்சிருக்கே. உன்னை இங்க விட்டுட்டு அங்க நான் யாரை நம்பறது? நீயும் கிளம்பு.”

என்ன சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. என் ஐந்து வருட நிம்மதிக்கு வேட்டு வைத்துக்கொண்டு வருகிறது. கண் கலங்கியது, எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆனாலும் விடவில்லை. ஒரு தாளை எடுத்து, அவர் கையெழுத்துப் போடுவதற்காக, ‘தலைநகர் வீட்டுச் சமையலறைக்குள் நான் ஒருபோதும் காலடி வைக்கமாட்டேன்’ என்று எழுதி நீட்டினேன். இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கி, ‘ஒருபோதும்’ என்பதை அடித்துவிட்டு ‘பதவிக்காலம் முடியும்வரை’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டு, அடுத்த தேர்தல் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.