மாப்பிள்ளைக்கு வழி விட்டவர்கள்

கார்ப் பந்தயத் திடலில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாப்பிள்ளை என்பார்கள். கல்யாணமே ஆகாதவன். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைத் தாங்குவதுபோல நடுவர்கள் அவனைத் தாங்குகிறார்கள் என்று பார்வையாளர் வரிசையில் எவனோ ஒருவன் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. அவன் வண்டி அந்த வரிசையைக் கடக்கும்போதெல்லாம் "மாப்பிள்ளைக்கு வழி விடுங்கப்பா" என்று ஒரு கும்பல் கத்தும். ஆரம்பத்தில் அவனுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்றைய பந்தயம் தூறலில் நடந்தது. வண்டிகள் வாரியிறைத்த தண்ணீர் தரையிலிருந்து எழுந்து கலையாமல் புகைபோல அப்படியே நின்றது. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு மட்டும் கேட்க, யாருமில்லாத உலகத்தில் தான் ஒருவனே ஓட்டிக்கொண்டிருப்பதாக அவனுக்கு ஒரு மயக்கம். முடியும் தறுவாயில், கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. டாக்ஸிக்காரியின் வண்டி. பல வருஷம் வாடகைக் கார் ஓட்டியவள். இப்போது வார நாட்களில் அதே திடலில் இருக்கும் ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறாள். அவன் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை வெட்டினான். பின் சக்கரம் ஈரமான வெள்ளைக் கோட்டில் வழுக்கியது. வண்டி தட்டாமாலை சுற்றி நின்றது. அவன் சமாளித்துத் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். முடிவுக் கோட்டையும் அவள்தான் முதலில் தாண்டினாள்.

அவன் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒலிபெருக்கி பேசியது. டாக்ஸிக்காரி இடித்துத் தள்ளினாள் என்று அவள் நேரத்தோடு ஐந்து விநாடி கூட்டித் தண்டனை. அவன் அந்த ஐந்து விநாடிக்குள்ளேயே பின்னால் வந்து சேர்ந்திருந்தான். ஆக, முதலிடம் அவனுக்கு. பார்வையாளர் வரிசையிலிருந்து கூச்சல் எழுந்து மழையோடு மழையாக இறங்கியது. அவன் அணியை நடத்துகிற அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அவங்க இடிக்கவே இல்லக்கா."

"வாயை மூடிட்டு மேடைல ஏறு."

அவன் மேடையில் ஏறவில்லை. உடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மாடியிலிருந்த நடுவர் அறைக்கு ஏறினான். உள்ளே சுவர் முழுக்கத் திரைகள். தலைமை நடுவர் ஒரு காலத்தில் வண்டி ஓட்டிய அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"மேடம், அவங்க என்னை இடிக்கல. நானாத்தான் வழுக்கினேன்."

"ஜெயிச்சவன் வந்து புகார் சொல்றத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றவர், படத்தை ஓட்டிக் காட்டினார். நீர்ப்புகைக்குள் இரண்டு வண்டிகள் நெருங்கின, கரைந்து ஒன்றாயின, பிறகு ஒன்று சுழன்று வெளியே வந்தது. அவனுக்கே அது வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. பார்க்கப் பார்க்க இடித்ததாகத்தான் தெரிந்தது.

"வெளிய என்ன பேசிக்கறாங்கன்னு தெரியுமா மேடம்? நீங்கள்லாம் என் பக்கமாம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. "நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னுகூட எனக்குத் தெரியாது தம்பி. நீ எப்பவும் முன்னாடி ஓடற. முன்னாடி ஓடறவனைத்தான் கேமரா பாத்துக்கிட்டே இருக்கு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லாப் பக்கத்துலேர்ந்தும் படம் வருது. பின்னாடி வர்றவன் நாள் பூரா இடி வாங்கினாலும் எங்க கண்ணுல படறதில்ல. இதுக்குப் பேரு ஓரவஞ்சனைன்னா, வச்சுக்க." பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "முடிவு சொன்னது சொன்னதுதான். நனைஞ்சிருக்க, உக்காரு. ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

அவன் பதறிப்போய் வேண்டாம் என்றான். இந்த அறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதை எவனாவது பார்த்தால் போதும், அவ்வளவுதான்.

டாக்ஸிக்காரி தன் ஷெட்டில் படுக்கப்போட்ட டயர்மேல் உட்கார்ந்து கையுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் வருவதற்குள் செய்தி வந்திருந்தது.

"போய்ச் சொன்னியாமே."

"சொன்னேன். கேக்கல."

"கேக்க மாட்டாங்க. ஆனா நாளைக்கு ஊரே உன்னைப் பத்தித்தான் பேசும், எவ்வளவு நேர்மை பாருன்னு. கோப்பையும் உனக்கு, நல்ல பேரும் உனக்கு. எனக்கு இந்தக் கையுறைத் தண்ணி."

அவனுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. உண்மையைச் சொன்னதும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான். "வேற என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "காலைல வா மாப்பிள. பள்ளிக்கூட வண்டி ரெண்டு நிக்குது, சாவி எங்கிட்டதான். படிக்கறவங்க வர்றதுக்குள்ள ஓட்டிப் பாக்கலாம். கேமராவும் கிடையாது, நடுவரும் கிடையாது."

காலையில் திடலைக் காணோம். பனி மூடியிருந்தது. பார்வையாளர் வரிசைகள் இருந்த இடத்தில் வெறும் வெளுப்பு. அதற்குள் எங்கோ ஒரு பறவை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கிழட்டு வண்டிகள், ஒரே நிறம், முதுகில் 'பழகுநர்' பலகை. கற்றுக்கொடுப்பவருக்காகப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக். அவன் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அவள் தன் வண்டியின் கண்ணாடியை இறக்கி, "போலாமா" என்றாள்.

பனிக்குள் வேகமே தெரியவில்லை. சாலை முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்தது, பின்னால் அழிந்தது. அவளுடைய இஞ்சின் ஓசை சில சமயம் இடப்பக்கம், சில சமயம் தலைக்கு மேலே. வண்டி ஓட்டுவது இவ்வளவு சுகமாக இருந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபடி கொண்டை ஊசி வளைவுக்கு வந்தான். கை தானாகத் திரும்பியது. வண்டி அழகாக உள்பக்கம் சாய்ந்தது.

பக்கத்தில் சரளைக்கல் சடசடவென்று தெறித்தது.

அவன் நிறுத்திவிட்டு ஓடினான். அவள் வண்டி உள்பக்கத்துச் சரளையில் அச்சுவரை புதைந்திருந்தது. அவளுக்கு அடி ஒன்றுமில்லை. இறங்கி, சாவகாசமாகக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"நேத்தும் அங்கதான் இருந்தேன். அப்ப கடைசி நிமிஷத்துல என்னைப் பாத்த, பயந்துபோய் வெட்டின, வழுக்கின. இன்னிக்குப் பாக்கவே இல்ல."

பழைய பந்தயங்கள் ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வந்தன. அவன் திரும்பும்போதெல்லாம் உள்பக்கம் இருந்தவர்கள் பிரேக் போட்டார்கள், இல்லை, சரளையில் இறங்கினார்கள். தப்பித்தவறி உரசினால் தண்டனை அவர்களுக்கு. அதையே திறமை என்று நினைத்திருந்தான். யாரும் அவனுக்குத் தனியாகச் சலுகை காட்டத் தேவையே இருக்கவில்லை. தன் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவன் கை எப்போதோ பழகிவிட்டிருந்தது.

"மன்னிச்சிருங்க" என்றான்.

"அத அப்புறம் வச்சுக்கலாம். பின்னாடி பிடிச்சுத் தள்ளு."

அவன் தள்ளினான். சரளை சக்கரத்திலிருந்து முகத்தில் தெறித்தது. ஷூவுக்குள் கல் புகுந்தது. வண்டி முக்கி முனகி மேலேறியதும் அவள் நிற்காமல் பனிக்குள் போய்விட்டாள். அவன் நொண்டிக்கொண்டே ஓடி, தன் வண்டியில் ஏறிப் பின்தொடர்ந்தான்.

அடுத்த சுற்றில் அதே வளைவு. பனிக்குள் எங்கே அவளைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை, முன்னால் அவள் ஓசை இல்லை. கை திரும்பத் துடித்தது. அவன் அதைப் பிடித்துவைத்தான். காலியாகத் தெரிந்த இடத்தை விட்டுவைப்பது, இருட்டில் யாருக்கோ நாற்காலியை நகர்த்திப் போடுவதுபோல அசட்டுத்தனமாக இருந்தது. அப்போது பனியிலிருந்து முதலில் ஒரு விளக்கு வந்தது. பிறகு கதவு. பிறகு கண்ணாடிக்குள் அவள் முகம், அவன் பக்கம் திரும்பாமல், சாலையையே பார்த்துக்கொண்டு. இரண்டு வண்டிகளும் கையெட்டும் தூரத்தில், ஒன்றையொன்று தொடாமல், வளைவு முழுவதையும் சேர்ந்தே வரைந்தன. வெளியே வரும்போது அவள் முன்னால் இருந்தாள்.

அந்தக் கோப்பை அவன் பெயரிலேயே இருந்துவிட்டது. அதை யாரும் மாற்றவில்லை. அந்த வருஷம் அவன் மறுபடி ஜெயிக்கவும் இல்லை. கை பழகுவதற்குள் நிறையப் பேர் அவனைத் தாண்டினார்கள். நடுவர்களோடு மாப்பிள்ளைக்கு மனஸ்தாபம் என்று பார்வையாளர் வரிசையில் பேசிக்கொண்டார்கள். அக்கா ரேடியோவில், "அந்தப் பக்கம் எதுக்குடா இவ்வளவு இடம் விடற, யாரு வரப்போறாங்க?" என்று கத்துவாள்.

"வருவாங்கக்கா" என்பான் அவன், வளைவில் மெல்லத் திரும்பிக்கொண்டே.